விறகடுப்பும் வாய்ப்பூட்டு போட்ட டீலர்களும்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கமான பொய்யைச் சொல்லப் போறதில்லை. இத்தனை நாளா நான் அடுப்பு வாங்கிக்கிட்டு இருந்தேன். கேஸ் அடுப்பு இல்லை, விறகடுப்பு. ஒரே ஒரு விறகடுப்பு. அதுக்கு நாலரை மாசம். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, நான் வெயிட் பண்றேன்.

முடிஞ்சதா? சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க அம்மா இருக்கிறது வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமம். நான் திண்டுக்கல் டவுன்ல பொட்டி தட்டுறவன். ஊர் வீட்டுல கேஸ் இருக்கு, சிலிண்டரும் ரெண்டு இருக்கு. ஆனாலும் கொல்லைப்புறத்து மண் அடுப்பு அணைஞ்சதே இல்லை. குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, விசேஷ நாள்ல பெரிய பானைச் சோறு. இதையெல்லாம் கேஸ்ல வச்சா கட்டுபடியாகாது. 2023 மார்ச்சுல சென்னையில ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போச்சே, ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட் கடைசியில 200 ரூபாய் குறைச்சாங்க. ஆனா அந்த ஆறு மாசமும் அம்மா கேஸ் அடுப்பைத் துணி போட்டு மூடி வச்சிருந்ததை நான் கண்ணால பார்த்தேன். வயக்காட்டுல சீமைக்கருவேலம் சும்மா கிடக்கு, தென்னமட்டை சும்மா கிடக்கு. சும்மா கிடக்கிறதை விட்டுட்டு எதுக்குக் காசைக் கரியாக்கணும்ங்கிறது அம்மா கட்சி.

"அதான் எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்துருச்சே, இப்பப் போயி விறகடுப்பா?"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. 2006-11 ஆட்சியில இலவச கேஸ் அடுப்பு கொடுத்தாங்க. 2016ல மத்திய அரசு உஜ்வலா கொண்டு வந்துச்சு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நூத்துக்குச் சுமார் 83 வீடு சுத்தமான எரிபொருள்ல சமைக்குது. நல்ல விஷயம், யாரும் மறுக்கலை. ஆனா அந்தக் கணக்குல எங்க வீடும் சுத்தமான வீடுதான்! சமையலுக்கு முக்கியமா எதுன்னுதானே கேள்வி. வெந்நீர் எதுலன்னு யார் கேட்டா? முன்கட்டுல கேஸ், பின்கட்டுல விறகு. இந்த ரெட்டை அடுப்பு வாழ்க்கைதான் நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல பாதி வீட்டுக் கதை.

விறகு சும்மா கிடைக்குது, புகையும் சும்மா கிடைக்குது. வீட்டுக்குள்ள வர்ற புகையால உலகம் முழுக்க வருஷத்துக்கு 32 லட்சம் பேர் சாகிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் வருஷத்துக்குக் கணக்குச் சொல்லுது. எனக்கு அந்த 32 லட்சம் கண்ணுக்குத் தெரியலை. தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்குத் திண்ணையில உக்காந்து இருமுற எங்க அம்மா. போன மார்கழியில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "பீடி குடிக்கிற பழக்கம் உண்டா?"ன்னு கேட்டார். அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

"புகையை விடச் சொல்லுங்க"ன்னார் டாக்டர். சொல்லிப் பார்த்தாச்சு சார், அது நடக்காது. அப்ப புகையில்லாத விறகடுப்பு ஒண்ணு வாங்கிக் கொடுத்தா என்ன? இப்படித்தான் சனி எனக்குச் சடை போட ஆரம்பிச்சது.

*

நவீன விறகடுப்புன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. புகைங்கிறது வேற ஒண்ணுமில்லை, எரியாம தப்பிச்சுப் போற விறகு. அதுக்கு மேல சூடான காத்தை ஊதினா அந்தப் புகையும் பத்திக்கும். அடுப்போட மேல்வளையத்துல சின்னச் சின்ன ஓட்டை, அடியில சின்ன ஃபேன். அவ்வளவுதான் சூட்சுமம். ஃபேன் இல்லாத வகையும் உண்டு, அதுல உள்குழாயோட அமைப்பே காத்தை இழுத்துக்கும். நம்ம மண் அடுப்பு விறகுல இருக்கிற சூட்டுல பத்துல ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும்னு பொதுவா சொல்வாங்க. 2013ல வந்த ஐ.எஸ். 13152ங்கிற இந்தியத் தரநிர்ணயத்துல, ஃபேன் இல்லாத அடுப்பு 25 சதவீதமாவது, ஃபேன் வச்சது 35 சதவீதமாவது கொடுத்தாகணும்னு எழுதியிருக்கு. புகைத்தூளுக்கும் தனி வரம்பு இருக்கு.

ஆக, பொருள் இருக்கு. தரம் இருக்கு. வாங்க நான் இருக்கேன். கையில காசும் இருக்கு. இனி என்ன? போனைப் போட வேண்டியதுதானேன்னு போனைப் போட்டேன்.

முதல் டீலர். நெட்ல போட்டிருந்த நம்பர். எடுத்தவர் கரூர்ல ஜவுளி வேலை பார்க்கிறவராம். "சார், அடுப்பு கேட்டு மாசத்துக்கு நாலு பேராச்சும் கூப்பிடுறாங்க. பேசாம நானே நாலு அடுப்பு வாங்கி வித்துரலாம்னு இருக்கேன்"னார். நல்ல மனுஷன். இந்தக் கதையில எனக்கு ஒழுங்கா பதில் சொன்ன முதல் ஆள் அடுப்பு விக்காத ஆளுங்கிறதைக் குறிச்சுக்கோங்க.

ரெண்டாவது டீலர். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மூணு நாள் கழிச்சு "மீட்டிங்ல இருக்கேன், சாயங்காலம் கூப்பிடுறேன்"னு மெசேஜ் வந்துச்சு. எந்த ஊர்ச் சாயங்காலம்னு சொல்லலை. இன்னும் விடியவும் இல்லை, சாயவும் இல்லை.

மூணாவது டீலர். முதல் மணியிலயே எடுத்துட்டார்! எனக்குக் கை கால் ஓடலை.

"எத்தனை பீஸ் சார்?"

"ஒண்ணுங்க. வீட்டுக்கு."

"..."

டொக். நம்புங்க மக்கா, அவ்வளவுதான் உரையாடல். லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சுத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கலை. மறுநாள் தங்கமணி போன்ல இருந்து கூப்பிட்டேன். எடுத்தார். "ஒண்ணு"ன்னதும் திரும்ப டொக்.

நாலாவது டீலர் கோயம்புத்தூர். மரியாதையா பேசினார். "ஐம்பது ஆர்டர் சேர்ந்தாத்தான் லோடு எடுப்போம், சேர்ந்ததும் சொல்றேன்"னார். நான் ஐம்பதுல எத்தனையாவது ஆள்னு கேட்டேன். "நீங்கதான் சார் முதல்." ஹி ஹி.

அஞ்சாவதுக்கு வாட்ஸ்அப். ரெண்டு டிக் விழுந்துச்சு, ரெண்டும் நீலமாச்சு. நான் அனுப்பின பத்து மெசேஜும் நீலம். பதில்தான் இல்லை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. இந்த ஆளுங்க வாய்ல தொங்குறதெல்லாம் அசல் எங்க ஊர்ப் பூட்டுதான் போல. கள்ளச்சாவிக்கும் திறக்கலை.

*

போன்ல நடக்காதது நேர்ல நடக்கும்னு, ஒரு சனிக்கிழமை ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை பாத்திரக்கடையா ஏறி இறங்கினேன். இரும்பு அடுப்பு இருக்கு, கரி அடுப்பு இருக்கு. மரத்தூள் அடுப்பு கூட ஒரு கடையில இருந்துச்சு (நடுவுல பாட்டிலை நட்டு மரத்தூளைக் கெட்டிப்பாங்களே, அதேதான்). புது மாதிரி விறகடுப்பு மட்டும் எங்கேயும் இல்லை.

ஒரு கடைக்காரர் உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்துட்டுச் சொன்னார். "தம்பி, மூணு வருஷம் முன்னாடி நானும் ஆசைப்பட்டு ரெண்டு எடுத்து வச்சேன். ரெண்டும் வித்துச்சு. ஒண்ணுல ஃபேன் போச்சு. வாங்கினவரு நம்ம ஏரியாக்காரரு, கொண்டாந்து கொடுத்தாரு. நான் டீலருக்கு அனுப்புனேன். அடுப்பும் வரலை, ஆளும் வரலை, போனும் எடுக்கலை. கடைசியில நான்தான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் எங்கேயோ இருக்கான். நான் இதே வீதியிலதானே தம்பி முழிக்கணும்?"

இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது மொத்தமும் அந்தக் கடைசி வரியில இருக்கு.

நம்ம வீட்டுல பம்ப் ஸ்டவ் எத்தனை வருஷம் ஓடுச்சு? அது என்ன அற்புதமான பொருளா? வாரம் ஒருமுறை அடைக்கும், பின் போட்டுக் குத்தணும், வாஷர் தேயும், சமயத்துல பயமுறுத்தும். ஆனா தெருவுக்கு ஒரு ரிப்பேர்க்காரர் இருந்தார். பெட்டிக்கடையில பின் கிடைச்சது. கேஸ் மேல ஆயிரம் குறை சொல்லுங்க. மிஸ்டு கால் கொடுத்தா சிலிண்டர் பதிவாகுது, கசிஞ்சா கூப்பிட 1906ன்னு ஒரு நம்பர் இருக்கு. பூட்டையே எடுத்துக்கோங்க. சாவி தொலைஞ்சா, பூட்டு செஞ்ச ஆளே பட்டறையில உக்காந்திருப்பார், முகத்தைப் பார்த்துக் கேக்கலாம். பொருள் ஓடுறது பொருளால மட்டும் இல்லை, பின்னாடி நிக்கிற ஆளால. விறகடுப்புக்குப் பின்னாடி ஆளே இல்லை.

*

ஏன் இல்லைன்னு யோசிச்சா எனக்குத் தெரிஞ்ச பதில் ஒண்ணுதான். அந்த மூணாவது டீலர் கேட்டாரே, "எத்தனை பீஸ்?"னு. அதுதான் பதில். ஒரு அடுப்பு வாங்குற நானோ நீங்களோ இந்த வியாபாரத்துல வாடிக்கையாளரே கிடையாது.

கொஞ்சம் வரலாறு. புகையில்லா அடுப்பு நேத்து முளைச்ச காளான் இல்லை. ஐதராபாத்துல எஸ்.பி. ராஜுங்கிற பொறியாளர் 1953லயே புகைபோக்கி வச்ச அடுப்பைப் பத்திப் புத்தகம் போட்டுட்டார். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 'அஸ்த்ரா ஒலெ'ன்னு மூணு பாத்திரம் வைக்கிற அடுப்பைக் கர்நாடகக் கிராமங்களுக்குக் கொண்டு போச்சு. 1983-84ல மத்திய அரசு தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம்னு ஆரம்பிச்சு, 2002ல கைவிடறதுக்குள்ள மூணு கோடிக்கு மேல அடுப்பு வச்சதாகக் கணக்கு. மூணு கோடி! அதுல ஒண்ணாச்சும் இன்னிக்கு உங்க ஊர்ல எரியுதா, பார்த்தா சொல்லுங்க. இலக்கு 'வச்ச அடுப்பு எத்தனை'ங்கிறதுதான். எரியுற அடுப்பு எத்தனைன்னு இல்லை. வச்சவனுக்கு வேலை முடிஞ்சது, புகைபோக்கியில கரி அடைச்சா தட்ட ஆளில்லை.

அப்புறம் தனியார். 2006ல பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் பி.பி., அதே இந்திய அறிவியல் கழகத்தோட சேர்ந்து 'ஊர்ஜா'ன்னு ஒரு அடுப்பைக் கொண்டு வந்துச்சு. ஃபேன் வச்ச அடுப்பு, விவசாயக் கழிவுல செஞ்ச வில்லைகள்தான் எரிபொருள். தமிழ்நாடு, மகாராஷ்டிரான்னு கிராமத்துப் பெண்களையே முகவரா வச்சு வீடு வீடா வித்தாங்க. நாலு லட்சத்துக்கு மேல வித்துச்சு. 'நம்ம ஜனம் காசு கொடுத்து விறகடுப்பு வாங்காது'ன்னு சொல்ற டீலர் எவனாச்சும் எதிர்ல வந்தா இந்த நாலு லட்சத்தை அவன் முகத்துல காட்டுங்க. பின்னாடி மகாராஷ்டிரா, கர்நாடகாவுல 998 வீட்டுல ஆராய்ச்சியாளர்கள் விசாரிச்சாங்க. 2014ல வந்த அந்தக் கட்டுரைப்படி, எந்த ஏரியாவுல ஆள் இறங்கி வேலை பார்த்தாங்களோ அங்கே அடுப்பு வித்துச்சு. ஆள் வந்தா ஜனம் வாங்குது, அவ்வளவுதான் ரகசியம்.

ஆனா அதே கட்டுரை இன்னொண்ணும் சொல்லுது. வாங்கின வீடுகள்ல நூத்துக்கு 9 வீடுதான் அப்ப அதைப் பயன்படுத்திக்கிட்டு இருந்துச்சு. வில்லைக்கான மூலப்பொருள் விலை ஏறி, வில்லை விலை ஏறி, கட்டுபடியாகாம மூலையில போட்டாங்க. பி.பி. 2009லயே தொழிலைக் கைமாத்தி விட்டுட்டு எஸ்கேப். அடுப்பு மட்டும் வீட்டுல நின்னுச்சு.

ஒடிசாவுல இன்னொரு கதை. ரீமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன்னு மூணு பொருளாதார நிபுணர்கள் (டுஃப்லோ 2019ல நோபல் வாங்கினவர்) புகைபோக்கி அடுப்பு கட்டிக் கொடுத்த வீடுகளை நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. முதல் வருஷம் சமைக்கிற பெண்கள் சுவாசிக்கிற புகை குறைஞ்சது. அப்புறம் ஒண்ணும் இல்லை. அடுப்பு உடைஞ்சது, பராமரிக்கலை, பயன்படுத்துறதும் குறைஞ்சது. ஆக ஆய்வுக்கூடத்துல ஜெயிச்ச அடுப்பு கொல்லைப்புறத்துல தோத்துப் போகுது. நடுவுல இருக்கிற இடைவெளிக்குப் பேர்தான் சர்வீஸ்.

இப்ப லேட்டஸ்ட்டா கார்பன் கிரெடிட். ஒரு நல்ல அடுப்பு எரிஞ்சா விறகு மிச்சம். விறகு மிச்சமானா கார்பன் மிச்சம். அந்த மிச்சத்தைச் சீட்டாக்கி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விக்கலாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2024 ஜனவரியில கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு அடுப்புத் திட்டங்களை எடுத்துச் சரிபார்த்தாங்க. உண்மையில மிச்சமானதை விட 9 மடங்குக்கு மேல சீட்டு எழுதியிருக்காங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்க அடுப்பு வேணாம்னு சொல்லலை, கணக்கை நேராக்குங்கன்னுதான் சொன்னாங்க.

நான் போன் பண்ணின ஆளுங்க கார்பன் வியாபாரின்னு சொல்லலை, அது எனக்குத் தேவையும் இல்லை. நான் சொல்றது இதுதான்: திட்டம், சி.எஸ்.ஆர்., கார்பன்னு காசு எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் அது ஆயிரம் பீஸ், அஞ்சாயிரம் பீஸ்னு மொத்தமா வருது. கையெழுத்துப் போடுறவர் ஒருத்தர், சமைக்கிறவர் இன்னொருத்தர். கையெழுத்துப் போடுறவருக்கு இருமல் வராது. அவர் போனை எடுத்தா போதும்னு டீலருக்குத் தெரியும். எங்க அம்மா போனை எதுக்கு எடுக்கணும்?

*

கதைக்கு வருவோம். கடைசியில வெளிமாநில டீலர் ஒருத்தர் "முழுப் பணமும் அட்வான்ஸ்"னார். அனுப்பினேன். (ஆமா, முட்டாள்தனம்தான். திட்டணும்னா கீழே வரிசையா வாங்க.) அனுப்பற வரைக்கும் நாளைக்கு ரெண்டு போன் பண்ணின மனுஷன், அனுப்பின பிறகு கோமாவுக்குப் போயிட்டார். 43ஆவது நாள் பார்சல் ஆபீஸ்ல அடுப்பு வந்து கிடந்துச்சு. தகவல் சொன்னது பார்சல் ஆபீஸ்காரர், டீலர் இல்லை.

நியாயத்தைச் சொல்லணும். அடுப்பு அருமை. சுள்ளியைச் சின்னதா ஒடிச்சுப் போட்டா நீலமும் மஞ்சளுமா எரியுது. வெந்நீர்ப் பானை அடியில கரி கம்மி. விறகு கிட்டத்தட்ட பாதியாச்சு. முதல் ரெண்டு நாள் அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, மூணாவது நாள் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. ராத்திரி இருமலும் கொஞ்சம் கம்மியான மாதிரி இருந்துச்சு. மாதிரிதான், நான் டாக்டர் இல்லை.

அஞ்சு வாரம். ஃபேன் நின்னு போச்சு.

ஃபேன் நின்ன அடுப்பு மண் அடுப்பை விட மோசம், அம்புட்டுப் புகை. டீலருக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். பன்னெண்டாவது தடவை என் நம்பரே பிளாக். அம்மா ஒண்ணும் சொல்லலை. புது அடுப்பைக் கோணிப்பையில சுத்தி ஓரமா வச்சுட்டுப் பழைய மண் அடுப்பைச் சாணி போட்டு மெழுகிட்டாங்க. நான் ஊருக்குப் போனப்ப அதைப் பார்த்தேன். "விடுய்யா, நம்ம ராசி அவ்வளவுதான்"னாங்க. எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல பத்துப் பானை வெந்நீர் போட்டிருக்கலாம்.

ராசி இல்லைம்மா. ஒருத்தன் போனை எடுக்கலை. அதுக்குப் பேர் ராசி இல்லை.

கடைசியில திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிக்ஸி ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட அடுப்பைத் தூக்கிட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னய்யா, கம்ப்யூட்டர்ல சுத்துற ஃபேன்தானே?"ன்னு சொல்லிப் பழைய சி.பி.யூ. பொட்டியில இருந்து ஒண்ணைக் கழட்டி, பழைய மோடத்தோட அடாப்டரைச் சேர்த்து, காத்து அளவைக் குறைக்க ஒரு திருகும் வச்சு மாட்டிக் கொடுத்துட்டார். 180 ரூபாய். அரைமணி நேரம். போறப்ப, "நின்னுச்சுன்னா கொண்டா தம்பி, இங்கேதான் இருப்பேன்"னார்.

இங்கேதான் இருப்பேன். மூவாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கின பொருளோட எனக்குக் கிடைக்காத அந்த வார்த்தை 180 ரூபாயில கிடைச்சது.

*

'ஒத்தை அடுப்புக்கு டீலர் எப்படிய்யா மல்லுக்கட்டுவான்? லாபம் கம்மி, இரும்புக் கனம், லாரி வாடகை, பத்துப் பொருள்ல இதுவும் ஒண்ணு'ன்னு யாராச்சும் வருவீங்க, தெரியும். எல்லாம் உண்மை. நானே ஒத்துக்கிறேன். அப்ப 'ஒத்தையா விக்கிறதில்லை'ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போகட்டுமே? இல்லைங்கிறதும் ஒரு பதில்தான். கரூர்ல அடுப்பே விக்காத மனுஷனுக்குச் சொல்லத் தெரிஞ்சது, அடுப்பு விக்கிறேன்னு போர்டு வச்சவனுக்குத் தெரியாதா? விக்க முடியாதுன்னா நம்பரை எடுத்துடு. நம்பரைப் போட்டா போனை எடு. இதுல ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை.

'அப்ப ஜனங்கதான் சும்மா கிடைக்கிற அடுப்பைக் கேக்கிறாங்களே'ன்னு இன்னொரு கட்சி. சும்மா கொடுத்துப் பழக்கினது யாரு? மூணு கோடி அடுப்பையும் கேட்டு வாங்கினது ஜனமா?

அடுப்பு செய்யிற கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. தயவுசெஞ்சு டீலர் டீலர்னு அலையாதீங்க. ஊர்ல பாத்திரக்கடை இருக்கு, இரும்புக்கடை இருக்கு, கேஸ் ஸ்டவ் ரிப்பேர்க்கடை இருக்கு. அவங்க வீதியில முழிக்கிறவங்க. அவங்ககிட்ட ரெண்டு அடுப்பு, நாலு ஃபேன், நாலு உள்குழாய் கொடுங்க. பழுது பார்க்கிறவருக்கு ஒருநாள் சொல்லிக் கொடுங்க. நாப்பது பக்க விளம்பரப் புத்தகத்தை விட அது நாலு மடங்கு விக்கும்.

வாங்கப் போற மக்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சது:

1. முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீங்க. கொடுத்தே ஆகணும்னா பில்லும், வரும் தேதியும் எழுத்துல வாங்குங்க.

2. எதிர்லயே பத்த வச்சுக் காட்டச் சொல்லுங்க. நீங்க எரிக்கிற விறகையே கொண்டு போங்க. ஷோரூம்ல எல்லா அடுப்பும் நல்லாத்தான் எரியும், வேலங்குச்சியில எரியுதான்னு பாருங்க.

3. ஐ.எஸ். 13152 சோதனை அறிக்கையைக் கேளுங்க. "அதெல்லாம் கம்பெனியில இருக்கு சார்"னா, நீங்களும் "காசெல்லாம் வீட்டுல இருக்கு சார்"னு சொல்லிட்டு வந்துருங்க.

4. அடுப்பு விலையைக் கேக்கிறதுக்கு முன்னாடி ஃபேன் விலையைக் கேளுங்க. தனியா ஃபேன் விக்கிறதில்லைன்னா அந்த அடுப்பு வேணாம். மாத்துறது யாரு, எந்த ஊர்லன்னும் கேளுங்க.

5. காசை வாங்கிட்டு ஏமாத்தினா, 1915ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி மாவட்ட ஆணையத்துலயும் புகார் கொடுக்கலாம். 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. நான் எழுதிக் கொடுத்திருக்கேன். முடிவு வந்ததும் தனிப் பதிவு.

ஆனா காசு வாங்காமலே வாயை மூடிக்கிட்டவனை எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ணாது. அவனை நாமதான் பேசிப் பேசி வெக்கப்பட வைக்கணும். அதான் இத்தனை நீளம்.

அடுப்பு இப்ப எரியுது. அம்மா கோணிப்பையைப் பிரிச்சுட்டாங்க. ஆனா மண் அடுப்பை இடிக்கச் சொன்னா மாட்டேங்கிறாங்க. "அது இருக்கட்டும்யா. இது நின்னா யாரைக் கூப்பிடுறது?"

பதில் சொல்ல வேண்டிய ஆளு போனை எடுக்க மாட்டேங்கிறான் மக்கா.

டிஸ்கி 1: டீலர் பேரைச் சொல்லுன்னு யாரும் கேக்காதீங்க. பிரச்சினை ஒருத்தன் இல்லை, மொத்தக் கூட்டமும்தான். கேஸ் வேற நடக்குது.

டிஸ்கி 2: உங்க ஊர்ல வித்த அடுப்புக்கு வீடு தேடி வந்து ஃபேன் மாத்தின டீலர் யாராச்சும் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. நேர்ல வந்து மாலை போட்டு, எங்க ஊர்ப் பிரியாணி வாங்கித் தர்றேன். விறகுல வெந்ததுதான் :-)